அஃபாஸ் மொண்டலின் பிள்ளைகள்

“1966 வாக்காளர் பட்டியல். மாணிக்கபாரி கிராமம், வீட்டு எண் 42. அஃபாஸ் மொண்டல், ஆண், வயது 31” என்று வாசித்துவிட்டு வக்கீல் நிலிமா தாலுக்தார் தாளை மடக்கினார். “இதுதான் உங்க அப்பா. 71-க்கு முன்னாடி அஸ்ஸாம்ல இருந்தவங்களும் அவங்க பிள்ளைகளும்தான் குடிமக்கள்னு சட்டம். அவர் 66-லயே இருந்திருக்கார். அதுக்குக் காகிதம் இருக்கு. அவருக்கு நீங்க மகள்ங்கறதுக்குத்தான் காகிதம் இல்ல.”

ரொமிசா காதுன் தலையசைத்தாள். பள்ளிக்கூடம் போனதில்லை. பதினைந்து வயதில் திருமணம். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அவள் பெயருக்கு முன்னால் கணவன் பெயர்தான். வெளிநாட்டவர் தீர்ப்பாயம் அவளை அன்னியர் என்று எழுதிவிட்டால், நான்கு பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

“பயப்படாதே. நான் சொல்றேன்ல” என்றார் அண்ணன் சுபான் அலி.

தீர்ப்பாயத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் கான்ஸ்டபிள் பவேன் போரோ பூரியைப் பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் போலீஸ் உட்காராத பெஞ்சு கிடையாது.

“சீக்கிரம் குடி சுபான்” என்றார் பவேன். “ஆறிப்போனா இந்த டீக்கும் அப்பா பேர் கேட்டு நோட்டீஸ் வரும்.”

சுபான் சிரித்தார். ரொமிசா அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஏர் பிடித்துக் காய்த்திருந்த உள்ளங்கை இப்போது வக்கீலின் கைபோல மெத்தென்று இருந்தது.

“மெலிஞ்சு போயிட்ட மியாபாய்.”

“அங்க மீன் கிடைக்காது. பருப்புதான். உன் கடைக்குட்டி பேசறானா?”

“வாய் மூடறதே இல்ல. போன வாரம் அவன் கத்தின கத்துல ஆடு ஓடிப்போச்சு.”

“நீ எல்லா வாய்தாவுக்கும் வந்தியா? ஒண்ணுகூட விடலியே?”

“பதினெட்டு வாய்தா. ஒண்ணுகூட விடல. நீ சொல்லி அனுப்பினியே, நீஞ்சியாவது போன்னு. ஆடி வெள்ளத்துல வாழைத்தெப்பத்துலதான் வந்தேன். நனைஞ்ச சேலையோட நின்னேன்.”

“நல்லது” என்றார் சுபான். பிறகு மறுபடியும், “நல்லது.”

உள்ளே போகுமுன் வக்கீல் அவரைத் தனியாக நிறுத்தினார். “கேட்டதுக்கு மட்டும் பதில். உங்க சொந்தக் கதை எதுவும் வேண்டாம்.”

“சரி பைதேவ்” என்று அக்கா முறை வைத்துச் சொன்னார் சுபான். “இன்னிக்கு அவ கதை மட்டும்தான்.”

சாட்சிக் கூண்டு என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு மேசைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள்.

“இந்தப் பெண் உங்களுக்கு யார்?” என்று அரசு வக்கீல் கேட்டார்.

“தங்கச்சி. ஒரே அப்பா, ஒரே அம்மா.”

“எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியாம இருக்கும்? எனக்கு ஒன்பது வயசு. வீட்டுக்குள்ள தண்ணி. படகுலதான் பொறந்தா. தொப்புள்கொடி அறுக்க மூங்கில் சீவல் வேணும்னாங்க. நான்தான் கூரையிலேர்ந்து சீவிக் குடுத்தேன். இதோ, விரல்ல வெட்டு.”

அரசு வக்கீல் வெட்டைப் பார்க்கவில்லை. “66 பட்டியல்ல உங்க அப்பாவுக்கு வயசு 31. 70 பட்டியல்ல 38. நாலு வருஷத்துல ஏழு வயசு ஏறுமா? ரெண்டும் ஒரே ஆள்தானா?”

“பட்டியல் எழுத வந்தவர் அம்மாகிட்ட கேட்டிருப்பார், ஹுசூர். அப்பா பகல்ல வயல்லதான் இருப்பார். அம்மா புருஷன் பேரையே வாயால சொல்ல மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லணும். அவளுக்கு எங்க அப்பா வயசு எப்படித் தெரியும்?”

மேசைக்குப் பின்னால் இருந்த தீர்ப்பாய உறுப்பினர் நிமிர்ந்தார். அவர் வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. “எங்க அம்மாவும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரொமிசா சேலை முந்தானையில் கட்டி வைத்திருந்த தேங்காய்ப் பிட்டா பலகாரங்களை அண்ணனிடம் கொடுத்தாள். “அங்க கூட இருக்கறவங்களுக்கும் குடு.”

“பத்து இருக்கா? நாங்க முப்பத்தெட்டுப் பேர். மோந்து பார்க்கத்தான் ஆகும்.”

“கிளம்பு சுபான்” என்று பவேன் எழுந்து நான்கு டீக்கும் காசு கொடுத்தார். “அஞ்சு மணி பஸ்ஸை விட்டா கேட்டை மூடிடுவான். அப்புறம் எனக்குத்தான் பேச்சு.”

சுபான் தங்கையின் தலையில் கை வைத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பவேன் அவருக்கு ஒரு எட்டுப் பின்னால் நடந்தார்.

மூன்று வாரம் கழித்து, 2019 மார்ச் 16 அன்று தீர்ப்பு வந்தது. “அண்ணன் சுபான் அலியின் சாட்சியம் இயல்பானது, நம்பத்தகுந்தது. ரொமிசா காதுன் அஃபாஸ் மொண்டலின் மகள்தான். எனவே அவர் இந்தியக் குடிமகள்.” வக்கீல் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். ரொமிசா மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னாள்.

மறுநாளே தீர்ப்பின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அண்ணனைப் பார்க்கப் போனாள். ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று சுபான் அலி வலைக்குள் விரலை நீட்டி அதைத் தடவிப் பார்த்தார்.

நான்கு வருடத்துக்கு முன், வெள்ளத்தில் படகு கிடைக்காமல் ஒரே ஒரு வாய்தாவுக்கு வர முடியாமல்போன அவரை, அதே தீர்ப்பாயம் வெளிநாட்டவர் என்று அறிவித்திருந்தது.