பதினேழாம் நம்பர்

"இன்னொரு தடவை அளந்துடும்மா," என்றார் பேராசிரியர் இருதயநாதன்.

திருச்சியில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் லூர்துராணி தற்காலிக உதவியாளர். நிரந்தர வேலைக்கான கடிதத்தில் அவர் இன்றுதான் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்குப் பார்த்தா தப்பு நடக்க வேண்டும், பாவம்!

ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் எடுத்த புற்றுநோய் செல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துத் தாளில் கோடு வரைந்திருந்தாள். கோட்டின்மேல் நூலைப் படியவைத்து, அந்த நூலை ஸ்கேலில் நீட்டினாள்.

"அதே அளவுதான் சார். அஞ்சு தடவை ஆச்சு. மத்ததெல்லாம் ஆமையா நகருது. இந்தப் பதினேழாம் நம்பர் மட்டும் சமயபுரம் பஸ் மாதிரி பறக்குது."

"பறந்தா உடம்பு பூரா பரவிடும்னு அர்த்தம். தெரியுமில்ல?"

"தெரியும் சார். வேற நூல் வச்சுப் பார்க்கட்டுங்களா?"

"பாரு."

வேறு நூலும் அதையேதான் சொன்னது.

"என் கண்ணுமேல நம்பிக்கை இல்லேன்னா சொல்லிடுங்க சார். வேற ஆளை வச்சுக்குங்க." அவள் நூலை மேசைமேல் வைத்தாள்.

அவர் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"உன் கண்ணு தப்பாதும்மா. இன்னிக்கு ஒரு நாளாவது தப்பிடாதான்னு பார்த்தேன்."

அளப்பவர் கை இரக்கத்தில் தவறிவிடக் கூடாதென்று, எந்த எண் எந்த நோயாளி என்று குறித்த நோட்டை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. இன்று திறந்தார். பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"அளவை நீயே எழுதிடு."

பதினேழுக்கு நேரே இருந்த பெயர்: டோரதி இருதயநாதன்.

லூர்துராணி கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, நூலைக் கையில் எடுத்தாள்.

"இன்னொரு தடவை அளந்துடறேன் சார்."