சூரியனுக்கு அரைக்கோடு

மூடுபனிக்குள் கப்பல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பீப்பாயில் அடி தெரிந்தது.

மேற்கே போனால் ஐஸ்லாந்து வரலாம், வராமலும் போகலாம். திரும்பினால், அலையின் போக்கை வைத்தே புறப்பட்ட தீவைப் பிடித்துவிடலாம். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்தத் தீவில்தான் சுக்கான் பிடிக்கும் வெர்முண்ட் ஒருவனைக் கொன்றிருந்தான். செத்தவனின் அண்ணன் தம்பிகள் கோடரியோடு கரையிலேயே காத்திருப்பார்கள்.

கத்திக் கத்தி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கடலில் நியாயம் பேசுவதற்குக்கூட எச்சில் வேண்டும். கடைசியில், ரூன் என்ற கோட்டெழுத்தைச் செதுக்கிய இரண்டு குச்சிகளில் ஒன்றை எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

சூரியனைக் குறிக்கும் எழுத்து வந்தால் வெற்றி, மேற்கே போகலாம். பனிக்கட்டியின் எழுத்து வந்தால் திரும்ப வேண்டும். கடலோடிக்குச் சூரியன்தான் வழி, அதுதான் நீதி. அதன் தீர்ப்புக்கு மேல் பேச்சில்லை.

எழுத்து செதுக்கத் தெரிந்தவன் கப்பலிலேயே வெர்முண்ட் ஒருவன்தான். சூரியனுக்கு மேலிருந்து பாதிவரை ஒரு கோடு. அதையே அடிவரை இழுத்தால் பனிக்கட்டி. சின்ன வேலைதான். இரண்டு குச்சிகளைச் செதுக்கித் தோல்பையில் போட்டான்.

"தலையும் உன்னோடது, செதுக்குறதும் நீயா? நல்லாருக்குப்பா நியாயம்!" என்றான் துடுப்புக்காரன் ஸ்காப்தி. "எடுக்கிறதாவது பிள்ளைக்காரி எடுக்கட்டும்."

பிள்ளைக்காரி என்றது வெர்முண்டின் மனைவி யோருனை. அவள் மடியில் குழந்தை உதடு வெடித்துக் கிடந்தது. அழுவதைக்கூட நிறுத்திவிட்டது.

குச்சிகள் இருந்த தோல்பையை அவள் மடியில் வாங்கிக்கொண்டாள். குனிந்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வேண்டிக்கொள்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எடுத்தாள். முழுக்கோடு.

யாரோ விம்மினார்கள். ஸ்காப்தி பையைப் பிடுங்கி உதறினான். இன்னொரு குச்சியில் சூரியன் பத்திரமாக இருந்தது. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. மனசுல வச்சுக்காதப்பா."

வெர்முண்ட் அவனைப் பார்க்கவில்லை. மனைவி கையிலிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டின் மேல்பாதி அவன் கத்தியால் இழுத்தது. கீழ்ப்பாதி மெல்லியதாக, கோணலாக, ஊசியால் கீறியதுபோல இருந்தது. அவள் மேலாடையைக் குத்தியிருந்த ஊசி கழன்று தொங்கியது.

அவன் இரண்டு குச்சியிலும் சூரியனைத்தான் செதுக்கியிருந்தான்.

வாயைத் திறந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாளே என்று வெட்கமாக இருந்தது.

யோருன் களைத்த கண்களால் அவனை நேராகப் பார்த்தாள்.

"திருப்புங்க," என்றாள். "குழந்தைக்குத் தண்ணி வேணும்."

அவன் திருப்பினான்.