அவனை விடாதீங்க!

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றதும் மதிவாணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டான்.

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு."

"இன்னும் எத்தனை நாளைக்குங்க ஒளிவீங்க? அன்னைக்கே நேரா ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம்ல?" என்றாள் மனைவி பிரகதீஸ்வரி.

"போனா என் கதி என்னாகும்னு தெரியுமா உனக்கு?"

அந்த வாரம் முழுக்கத் திருத்துறைப்பூண்டி கொதித்துக்கொண்டிருந்தது. நடவு வேலை முடித்துச் சைக்கிளில் திரும்பிய ஐயாவுவை, ஆற்றுப் பாலத்தில் ஒரு கார் அடித்துத் தூக்கியெறிந்துவிட்டுப் பறந்துவிட்டது. மனிதர் அங்கேயே போய்விட்டார். ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஒரே ரத்தவெறி. 'ஓட்டினவன் கையை வெட்டு', 'அதே பாலத்துல தொங்கவிடு', 'உயிரோட கொளுத்து'.

கண்ணை மூடினால் மதிவாணனுக்கு அந்தக் காட்சிதான். நசுங்கிய சைக்கிள். தாரில் உருண்ட சோத்துத் தூக்கு. அன்று அவன் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்திருந்தான்.

"மதிவாணன் இருக்காராம்மா?" வாசலில் எஸ்.ஐ. இராஜாங்கத்தின் குரல்.

"கும்பகோணம் போயிருக்காருங்க. எப்ப வருவாருன்னு தெரியலை."

"அந்த நேரம் அவர் பாலத்துல இருந்தது எங்களுக்குத் தெரியும்மா. கடைக் கேமராவில இருக்கு."

மூட்டைக்குப் பின்னால் மதிவாணன் இன்னும் ஒடுங்கிக்கொண்டான்.

"நீங்க பயப்படாதீங்க. கார்க்காரனைப் பிடிச்சாச்சு. பெரிய இடத்துப் பிள்ளை, 'நான் ஓட்டவே இல்லை'ன்னு வக்கீலோட உட்கார்ந்திருக்கான். பின்னாலேயே பைக்ல வந்த உங்க வீட்டுக்காரர்தான் ஒரே சாட்சி. அவர் வந்து அடையாளம் காட்டலைன்னா விட்டுட வேண்டியதுதான்."

எஸ்.ஐ.யோடு வந்திருந்த ஐயாவுவின் மனைவி செவ்வந்தி கும்பிட்டாள். "அண்ணனை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கக்கா."

பிரகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "வந்தா சொல்றேன்."

ஜீப் சத்தம் அடங்கிய பிறகே மதிவாணன் வெளியே வந்தான்.

சாயங்காலம் கார்க்காரனை விட்டுவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும், கைப்பேசியை எடுத்து ஆத்திரம் தீரத் தட்டினான்: 'சாட்சி இல்லையாம்! தூ! நேத்து சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்றேன், அவனை நடுரோட்டுல வெட்டிப் போடணும்!'