யாரும் பார்க்காத படம்

கதவைத் தட்டத் தூக்கிய கையை தர்ஷினி அப்படியே நிறுத்தினாள்.

உள்ளே ஹெர்பர்ட் அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார்.

வயிற்றிலிருந்து கிளம்பி, இருமலில் முட்டி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜீவனஹள்ளியின் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும்.

அவள் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். மாடிப்படி இறங்கும்போதே வாக்கியத்தை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் தன் அறை வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினாள். கீழ்வீட்டு டேப்லெட்டும் அதில்தான் ஓடுகிறது என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. இன்று எதற்கோ வைஃபையில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. இணைந்திருந்த கருவி ஒன்றே ஒன்று. அவளுடைய கைப்பேசி.

பார்வை போன மனிதருக்கு வாரத்துக்கு ஒரு படம். அதையும் பிடுங்கியாயிற்று. அவர் மனைவி மௌரீன் ஆன்ட்டி மாடிக்கு வந்து கேட்கவும் இல்லை. கோபமாகத்தான் இருக்கும்.

ஹெர்பர்ட்டுக்கு அந்தக் குண்டன், ஒல்லி ஜோடி என்றால் உயிர். நூறு வருடத்துப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். பேர் போனவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். கண் போன பிறகும் அவை உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தன. "பாக்காததா போடு பாப்பா" என்பார். யாரும் சீந்தாத குட்டிப் படங்களாகத் தேடி தர்ஷினிதான் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். பேச்சே இல்லாத படங்கள். பின்னணியில் பியானோ மட்டும் ஓடும். திரையில் நடப்பதை மௌரீன் சொல்வார், அவர் கேட்பார்.

சில ஞாயிறுகளில் அவளும் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒல்லி எதையாவது தட்டிவிடுவான். அது குண்டன் தலையில் விழும். பிறகுதான் கவனித்தாள். விழுந்த குண்டன் உடனே எழுந்திருப்பதில்லை. கிடந்த இடத்திலிருந்தே திரும்பி, படம் பார்க்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பான். இவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் பார்த்தீர்களா என்பதுபோல. அடுத்த காட்சியிலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள்.

"குண்டன் நம்மளப் பாக்கறான் மேன்" என்று மௌரீன் செய்தி வாசிப்பதுபோலச் சொல்வார். ஹெர்பர்ட் திரை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, அனுதாபமாகத் தலையாட்டுவார். அதற்கப்புறம்தான் சிரிப்பார்.

இன்றும் சிரிக்கிறார்.

கதவு ஒருக்களித்திருந்தது.

"பீரோவ நடு ரோட்ல வெச்சுட்டாங்க" என்றது மௌரீனின் குரல். "ஒல்லி கை காட்டி ஆட்டோவ நிறுத்தறான். ஆட்டோக்காரன் லிங்கராஜபுரம் பக்கமெல்லாம் வரமாட்டேங்கறான்."

நூறு வருடத்து அமெரிக்கப் படத்தில் ஆட்டோ.

தர்ஷினி கதவை மெல்லத் தள்ளினாள்.

டேப்லெட் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது. திரை கறுப்பு. மௌரீன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கணவரின் முகத்தைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, ஒல்லி பீரோக்குள்ளயே போய்ப் படுத்துக்கிட்டான் மேன்! இந்தத் தடியனுக்குத் தெரியல. ஒண்டியா முதுகுல ஏத்தறான். திடீர்னு எப்படி இவ்ளோ கனம்னு முழிக்கறான்."

"ஒல்லியத் தேடறானா?"

"தேடறான், தெருவெல்லாம் தேடறான். பீரோவச் சுமந்துக்கிட்டே தேடறான்!"

ஹெர்பர்ட் தொடையில் அடித்துக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மௌரீனுக்கும் சிரிப்பில் குரல் உடைந்தது.

அப்போதுதான் அவர் தர்ஷினியைப் பார்த்தார்.

பீரோ காற்றில் நின்றது. கன்னம் சிவந்தது. சட்டென்று உதட்டின் மேல் விரலை வைத்தார். கண் கெஞ்சியது.

தர்ஷினி தலையசைத்தாள்.

"யாரு?" என்றார் ஹெர்பர்ட்.

"மாடிப் பொண்ணு. இன்டர்வெல் விட்டாச்சு. ஸ்வல்ப இரு, ரெண்டே நிமிஷம், டீ போட்டுட்டு வரேன்."

மௌரீன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அங்கே போய்க் காதோடு காதாகச் சொல்லிவிடலாம். புதுப் பாஸ்வேர்டை எழுதிய சீட்டு தர்ஷினியின் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. பாவம், எத்தனை நாளாக இப்படி ஒற்றை ஆளாக இரண்டு பேரையும் நடிக்கவைத்துக்கொண்டிருக்கிறாரோ.

சமையலறைப் பக்கம் ஓரடி வைத்தாள்.

"பாஸ்வேர்ட் கொண்டாந்தியா பாப்பா?"

குரல் மிகத் தாழ்ந்திருந்தது. ஹெர்பர்ட் கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸாரி அங்கிள். நான் மறந்தே..."

"பியானோ நின்னு ரெண்டு வாரமாச்சு. எனக்குக் கண்ணுதான் போச்சு."

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். அதற்கு நடுவே மௌரீன் தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வதும், தானே அதற்குச் சிரிப்பதும் கேட்டது. ஹெர்பர்ட் அந்தப் பக்கம் காதைச் சாய்த்தார். சிரிப்பு அடங்கும்வரை கேட்டார்.

"இந்த ரெண்டு தடியன்களையும் அவளுக்குக் கொஞ்சமும் புடிக்காது. கல்யாணமான புதுசுலேர்ந்து எனக்காக ஒக்காந்து பாக்கறா. ஒரு தடவ சிரிச்சதில்ல."

கையை நீட்டித் துழாவி, அவள் விரல்களை அந்தச் சீட்டோடு சேர்த்து மூடினார்.

"அவகிட்ட குடுத்துடாத."