திங்கட்கிழமை பேட்டரி

"இந்த ஆளு வேலையில இருக்கணுமா, மூட்டை கட்டணுமான்னு இன்னைக்கு நீதான் சொல்லப் போறே!"

மேட்ரன் போட்ட சத்தத்தில் மெக்கானிக் அக்காவின் கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவள் கால் மேலேயே விழுந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் மேட்ரனைக் கண்டால் பெரிய டாக்டர்களே சுவரோரமாக ஒதுங்கிப் போவார்கள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல் இருக்கிறதா என்றே நர்ஸுகளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு.

பக்கத்தில், தொப்பியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, நெடுநெடுவென்று தோட்டக்காரர். நடுவில், உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி. பேட்டரி சுத்தமாகக் காலி. வரிசையாக இது மூன்றாவது திங்கட்கிழமை.

"சனிக்கிழமை ஜம்முனு ஓடுது. ஞாயித்துக்கிழமை இந்த ஆளுக்கு லீவு. திங்கட்கிழமை பார்த்தா செத்துக் கிடக்குது. என்னய்யா பண்றே வண்டியை?"

"என் தப்புதாம்மா."

"என்ன தப்பு?"

"அது... அம்மா என்ன சொல்றீங்களோ, அந்தத் தப்புதான்."

மெக்கானிக் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் வார்டைப் பார்த்துட்டு பத்து நிமிஷத்துல வரேன். தப்பு இவன் மேலன்னா வேலையும் போச்சு, பின்னாடி குடுத்திருக்கிற வீடும் போச்சு." மேட்ரன் டக் டக்கென்று நடந்து மறைந்தார்.

மெக்கானிக் அக்காவும் இந்த வண்டியோடு கொஞ்சமாகவா மல்லுக்கட்டியிருக்கிறாள்! எலி வயரைக் கடித்திருக்கும் என்று முதல் வாரம் எலிப்பொறி வைத்தாள். மாட்டியது வாட்ச்மேனின் கட்டைவிரல். அடுத்த வாரம் ஃபியூஸை மாற்றினாள், எர்த் வயரைச் சுரண்டித் துடைத்தாள், சார்ஜ் ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. திங்கட்கிழமை வந்தால் மட்டும் வண்டி படுத்துவிடும்.

"அண்ணே, இன்னைக்கு உங்களுக்கு முன்னாடியே வந்துட்டேன். ஷெட்டுல நான் பார்த்தப்போ சாவி ஆன்ல இருந்துச்சு."

தோட்டக்காரரின் முகம் விழுந்துவிட்டது.

அவள் தன் வேனிலிருந்து வேறு பேட்டரியை எடுத்து மாட்டினாள். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. எழுந்தாள். இன்ஜின் பொசுக்கென்று நின்றது.

"பார்த்தீங்களா? சீட்டுக்கு அடியில ஸ்விட்ச் இருக்கு. ஆளு தவறி விழுந்தா பிளேடு காலைப் பதம் பார்த்துடக் கூடாதுன்னு வச்சது. எழுந்தா இன்ஜின் நிக்கும், ஆனா சாவி ஆன்லயே நிக்கும். விடியறதுக்குள்ள பேட்டரி காலி. நேத்து யாரோ ஓட்டிட்டு, அப்படியே எழுந்து போயிருக்காங்க."

"நான்தான்."

"நீங்களா? சீட்டை ஸ்டீயரிங் வரைக்கும் முன்னாடி தள்ளி வச்சிருக்கு. உங்க காலை மடிச்சு எங்கே வச்சுக்கிட்டீங்க, சட்டைப் பையிலயா?"

தோட்டக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விட்டுடு தங்கச்சி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் ஜன்னல்ல இருந்து பார்ப்பேன். பிளேடைக்கூட இறக்குறது இல்ல. சும்மா சுத்தறது, அவ்வளவுதான். சுத்திச் சுத்திச் சிரிக்கிற சிரிப்பு இருக்கே... வாரம் பூரா நோயும் வலியுமாவே இருக்கிற ஜீவன். அதுக்கு அந்த ஒரு மணி நேரம்தான். ஷெட்டை வாட்ச்மேன் சாயங்காலமே பூட்டிடுவார். காலையில திறந்ததும் நான் முந்திப் போய் சத்தமில்லாம சாவியை அணைச்சுடுவேன்."

"பேஷன்ட்டா? வார்டுல இருந்து நழுவி வந்தா ஓட்டுறாங்க?"

அவர் குனிந்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"அதுக்காக உங்க வேலையை விடுவீங்களா அண்ணே?"

"வெளியில தெரிஞ்சா அந்தச் சிரிப்பு நின்னுடும்மா."

மெக்கானிக் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு நல்ல மனுஷனை மாட்டிவிட்டுவிட்டு ஜாலியாகச் சுற்றுகிறதாமே ஒரு ஜீவன்!

டக் டக். மேட்ரன் வந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சியா?"

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல மேடம். ஓட்டின ஆளுக்குத்தான் மூளையில கோளாறு."

தோட்டக்காரர் இருமினார்.

"நேத்து யாரோ எடுத்து ஓட்டிட்டு, சாவியை அணைக்காம போயிருக்காங்க. அண்ணன் இல்ல, சீட்டைப் பார்த்தாலே தெரியுது. எவ்வளவு பெரிய தத்தியா இருந்தா..."

இருமல் பலமானது. கையோடு அட்மிட் பண்ணிவிடலாம் போல இருமினார்.

"சும்மா இருங்கண்ணே. சாவியை அணைக்கணும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வடிகட்டின முட்டாள் மேடம், அந்த ஆளு!"

மேட்ரனின் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"யாருடீ முட்டாள்? எழுந்தாலே இன்ஜின் டக்குனு நின்னுபோகுது. அப்புறம் சாவியை வேற எதுக்கு அணைக்கணும்?"

இருமல் நின்றுவிட்டது. மெக்கானிக் அக்கா வாயைத் திறந்தவள் மூட மறந்துபோனாள்.

முதலில் சுதாரித்தவர் தோட்டக்காரர்தான்.

"அதானே! நானும் அப்படி நினைச்சுத்தாம்மா அணைக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

மேட்ரன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நர்ஸுகள் யாரும் பக்கத்தில் இல்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, அந்தச் சாவியை எந்தப் பக்கம் திருப்பணும்? அதை எனக்குச் சொல்லிக் குடுக்காம நீங்க எங்கேயும் போகக் கூடாது."