ஆறாவது இடத்தில் ஒன்று

படுக்கை உள்ளே நகர்ந்தது.

தலை முதலில் போனது. பிறகு தோள். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெள்ளைக் கூரை வந்து நின்றது. கழுத்தைச் சுற்றிக் கூண்டு மாதிரி எதையோ பூட்டியிருந்தார்கள். வலது கையில் ஒரு ரப்பர் பந்து.

"ரொம்ப முடியலைன்னா அமுக்குங்க. சும்மா சும்மா அமுக்காதீங்க, மொதல்லேருந்து எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுப்பவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

காலடியில் அவள் கணவன் சகாயம் நின்றான். அவளுடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்துவலி அவளுக்கு, பயம் அவனுக்கு.

உள்ளே வரும்போது கதவருகே ஒரு கேள்வி கேட்டார்கள். உடம்பில் ப்ளேட், ஸ்க்ரூ, இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்று சகாயம் முந்திக்கொண்டான்.

அவளும் தலையை ஆட்டினாள். ஆட்டிப் பழகிய தலை.

அந்தக் கேள்வி எதற்கு என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. மெடிக்கல் கோடிங் அவள் வேலை. திருச்சியில் ஏசி அறையில் உட்கார்ந்து, எங்கோ போருக்குப் போய்வந்த வெளிநாட்டுச் சிப்பாய்களின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, காயத்துக்குக் காயம் எண் போட வேண்டும். மோதிய காயமா, துளைத்த காயமா. துண்டை எடுத்தார்களா, உள்ளேயே விட்டார்களா. உள்ளே இருந்தால் அதற்குத் தனி எண். அந்த எண் விழுந்த ஆளை இந்த எம்.ஆர்.ஐ. காந்தத்தின் பக்கம் யோசிக்காமல் கொண்டுவர மாட்டார்கள்.

எத்தனையோ பேருக்கு அவள் அந்த எண்ணைப் போட்டிருக்கிறாள்.

போர்க்காயத்துக்கான எண்ணில் ஆறாவது இடம் என்று ஒன்று உண்டு. அடிபட்டவர் ராணுவம் என்றால் பூஜ்யம். பொதுமக்களில் ஒருவர் என்றால் ஒன்று. அவளிடம் வருவதெல்லாம் சிப்பாய்கள். இதுவரை அவள் ஒருமுறைகூட ஒன்று போட்டதில்லை.

இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது அவளுடைய துண்டு.

மரத்திலிருந்து விழுந்ததில் வேலிக்கம்பி குத்திவிட்டது என்று சகாயத்திடம் சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவன் அந்தத் தழும்பைத் தடவி, "அவ்வளவு வாலா நீ?" என்று கேலி செய்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

மரமும் இல்லை, வேலியும் இல்லை. வன்னியில் ஒரு பதுங்குகுழி. ஷெல் விழுந்தபோது அம்மா அவள்மேல் கவிழ்ந்து படுத்தாள். அம்மாவைத் துளைத்துக்கொண்டு வந்த துண்டு அது.

படகில் வந்தபோது வயது பதினொன்று. அகதி முகாமிலிருந்து அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய், தன் மகள் என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்தவரைத்தான் இன்றுவரை அப்பா என்கிறாள். படிப்பு, ஆதார், வேலை, கல்யாணம் எல்லாமே அந்த ஒரு பொய்யின்மேல் நிற்கின்றன. பேச்சைக்கூட மாற்றிக்கொண்டாள். இது வெளியே தெரிந்தால் போலீஸ் முதலில் அவரைத்தான் கூப்பிடும். சர்க்கரை முற்றி, பாதி பார்வை போன மனிதர்.

வேலையில் சேர்ந்த அன்றே ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். டீம் லீடர் பெனாசிர் மேடம் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் கத்துவார். "டாக்டர் எழுதலைன்னா அது நடக்கவே இல்லைம்மா. நீயா யோசிச்சு கோட் போடாத!"

மற்றவர்களுக்கு அது எரிச்சல். அவளுக்கு அதைவிட ஆறுதலான வாக்கியம் கிடையாது. அவள் முதுகைப் பற்றி எந்த டாக்டரும் எதுவும் எழுதியதில்லை.

படுக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

முதுகில் ஏதோ அசைந்தது.

சட்டைப் பொத்தானை யாரோ உள்ளிருந்து இழுத்துப் பார்ப்பது போல இருந்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து சகாயம் அதைத் திருப்பி அழுத்தினான்.

"ஸ்டார்ட் பண்றேம்மா. அசையக் கூடாது," என்றது ஸ்பீக்கர்.

மூச்சு முட்டுகிறது என்று சொல்லலாம். மயக்க ஊசி போட்டு மறுபடி உள்ளே அனுப்புவார்கள். உண்மையைச் சொன்னால் அப்பா போனார். சொல்லாமல் கிடந்தால் முதுகெலும்பு, அதோடு கால். அதற்கு என்ன எண் என்றும் அவளுக்குத் தெரியும்.

வெள்ளைக் கூரையைப் பார்த்தாள். பதுங்குகுழிக்குள்ளும் இவ்வளவு இடம்தான் இருந்தது. அங்கே மேலே அம்மா இருந்தாள்.

மறுபடி இழுத்தது.

பந்தை அமுக்கினாள்.

"என்னம்மா, அதுக்குள்ள?"

மூச்சு முட்டுது சார். அதைத்தான் சொல்ல நினைத்தாள். அதற்காகத்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! உள்ளுக்கை ஷெல் துண்டு ஒண்டு கிடக்கு!"

அந்தக் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். பதினொரு வயதுக்குப் பிறகு அதை அவள் கேட்டதில்லை.

மெஷின் சத்தம் நின்றது.

படுக்கை மெதுவாக வெளியே நகர்ந்தது. அவன் முகம் தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளத் தவித்தாள். கட்டைவிரலை இன்னும் பிடித்திருக்கிறானா, விட்டுவிட்டானா?

தெரியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது.