ஹாலிஸ் காப்பாற்றிய பாலம்

"கயித்த மெதுவா இழு லியோரா. போட்டோ எடுக்கணும்" என்றார் டெல்மர். விழாக்குழுத் தலைவர், இறந்துபோன ஹாலிஸுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி.

லியோரா சிரித்தபடி, பெயர்ப்பலகையை மூடியிருந்த திரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கணவன் ஹாலிஸின் சிவப்புக் கட்டம்போட்ட சட்டையை அணிந்து வந்திருந்தாள். அதைப் பார்த்தே பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இண்டியானாவில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும் அக்டோபர். கூரை போட்ட அந்தப் பழைய மரப்பாலத்தின் வாசலில் ஆப்பிள் ஜாமும் சுட்ட சோளமும் சூடாக விற்பனையாகிக்கொண்டிருந்தன. தாழ்வான முகப்பு இடிக்கும் என்பதால் சுற்றுலா பஸ்கள் அக்கரையிலேயே நிற்க, வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டே பாலத்துக்குள் நடந்து வந்தார்கள்.

திரை விலகியது. 'ஹாலிஸ் பாலம்' என்றது பலகை. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

டெல்மர் மைக்கில் பேசினார். மாவட்ட நிர்வாகம் இதை இடித்துவிட்டு கான்கிரீட் பாலம் கட்ட வந்தபோது, ஹாலிஸ் புல்டோசருக்கு முன்னால் மல்லாந்து படுத்ததைச் சொன்னார். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்ததைச் சொன்னார். போன மார்ச்சில் மாரடைப்பு வந்து, தூக்கத்திலேயே நோகாமல் போய்ச் சேர்ந்த புண்ணியவான் என்று முடித்தார்.

தூக்கத்தில் போனார் என்பது லியோரா சொன்னதுதான். இக்கரையில் ஆற்றோரமாகத் தனி வீடு; அன்றைக்கு அவளைத் தவிர யாரும் உடன் இல்லை.

டெல்மர் மைக்கை அவளிடம் நீட்டினார். "பேருக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கோம். பாலத்தப் பத்தி அவன் கடைசியா என்ன சொன்னான்? சொல்லு, செதுக்கிடலாம்."

இதைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். 'பத்திரமாப் பாத்துக்குங்க' என்று அவர் சொன்னதாக ஒரு பொய்யைத் தயார் பண்ணித்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"அவர் தூக்கத்துல போகல, டெல்மர். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு முழிச்சேதான் கெடந்தாரு. அக்கரையில ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாங்கன்னு கையப் புடிச்சேன்."

கூட்டத்தில் யாரோ தொப்பியைக் கழற்றினார்கள்.

"சத்தம் பாலத்துக்கிட்ட வந்து அப்படியே நின்னுச்சு. வண்டி உள்ள நுழையல. அப்புறம் திரும்பி, மெயின் ரோடு பாலம் வழியாச் சுத்தி வர்றதுக்காக, தூரமாப் போய்க்கிட்டே இருந்துச்சு. அவரும் அதக் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு."

டெல்மரின் கை மெல்லத் தாழ்ந்தது. மைக் இல்லாமலே அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"'இடிக்க விட்டிருக்கலாம் லியோரா'ன்னாரு."